ஸ்காபரோச் சுவர்ப்பெட்டி உவர்மலைக்கு எதற்கு?

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று பரந்திருக்கும் திருகோணமலை உறவுகளுக்கு,

ஆடி, ஆவணி விடுமுறைக்கு டிக்கெட் போட்டிருப்பீர்கள். பெட்டி கட்டுவதற்கு முன் இது உங்கள் கையில் கிடைக்கவேண்டும் என்பதால் நலம் விசாரிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். இங்கு எல்லோரும் சுகம். கச்சான் காற்றுத்தான் ஆளை வாட்டி எடுக்கிறது.

சில ஆண்டுகளாக உங்கள் பயணப் பெட்டிகளில் சொக்லேட், வாசனைப் போத்தல்களோடு இன்னொரு சாமானும் வந்து இறங்குகிறது. சுவரில் பூட்டும் ‘ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்’. ஒருவர் கூகுளின் நெஸ்ட் கொண்டுவருவார். ரொறன்ரோக்காரர் என்றால் தங்கள் ஊர்க் கொம்பனி என்ற பெருமையோடு எக்கோபீ கொண்டுவருவார். “அண்ணை, அம்மாவின்ர அறை ஒரு சோன், ஹோல் ஒரு சோன், மேல்மாடி ஒரு சோன். நீங்க வயரை மட்டும் இழுத்துத் தாங்கோ, மிச்சத்தை நான் போனில செட் பண்ணுறன்” என்பார். டொக்யார்ட் வீதியிலிருந்து உப்புவெளி வரை வயரிங் வேலைக்குப் போகிற எங்களுக்கு, இதை ஆளாளுக்குத் தனித்தனியே விளக்கி வாய் வலிக்கிறது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அந்தப் பெட்டி இங்கு வேலை செய்யாது. ஏதாவது செய்து ஓடவைத்தாலும் அது உங்கள் அம்மாவுக்கு உதவாது.

கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. அது இருக்கவேண்டிய வீட்டில் அருமையான சாமான். ரொறன்ரோ ஸ்காபரோவில் உங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு ஃபேர்னஸ் நிற்கிறது. வீடு முழுவதற்கும் அது ஒன்றுதான். காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்குத் தள்ளுகிறது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் அதற்கு ‘மூட்டு’, ‘அணை’ என்று சொல்லும் ஓர் ஆளி, அவ்வளவுதான். ஃபேர்னஸின் உள்ளே இருக்கும் சிறு ட்ரான்ஸ்போமர் 24 வோல்ட் கொடுக்கிறது. பெட்டியின் பின்தட்டைக் கழற்றினால் ஆர், டபிள்யூ, வை, ஜி, சி என்று எழுத்துப் போட்ட ஓட்டைகள் தெரியும். ஆரில் 24 வோல்ட் வரும். அதை டபிள்யூவோடு சேர்த்தால் சூடு, வையோடு சேர்த்தால் குளிர், ஜியோடு சேர்த்தால் விசிறி. சி என்பது மின் திரும்பிப் போகும் வழி. வைஃபையும் திரையும் உள்ள பெட்டிக்குத் தானே விழித்திருக்க மின் வேண்டும், அதற்குத்தான் சி. பழைய வீடுகளில் அந்த ஒரு வயரை இழுக்காமல் விட்டிருப்பார்கள். உங்களில் பலர் கிறிஸ்மஸ் விடுமுறையில் ஏணியும் கையுமாகப் பட்ட பாட்டுக்குக் காரணம் அதுதான். வீட்டை சோன்களாகப் பிரிப்பது என்றால் குழாய்களுக்குள் மோட்டார் வைத்த கதவுகள் போட்டு, சோனுக்கு ஒரு தெர்மோஸ்டாட் வைத்து, எல்லாவற்றையும் ஃபேர்னஸ் பக்கத்தில் ஒரு பலகையில் இணைப்பார்கள்.

லண்டன் ஹரோவில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கு காற்று இல்லை, பொய்லரில் கொதித்த தண்ணீர் ரேடியேட்டர்களுக்கு ஓடுகிறது. சோன் பிரிக்க, குழாயில் மோட்டார் வால்வு பூட்டுவார்கள். அதிலிருந்து ஐந்து வயர் வெளியே வரும். மண்ணிறமும் நீலமும் மோட்டாருக்கு, பச்சை மஞ்சள் எர்த்துக்கு. வேலையின் சூட்சுமம் மிச்சம் இரண்டில் இருக்கிறது. சாம்பல் நிற வயரில் எப்போதும் மின் நிற்கும். வால்வு திறந்து முடிந்ததும் உள்ளே ஒரு குட்டி ஆளி தட்டுப்பட்டு, அந்த மின் செம்மஞ்சள் வயருக்குப் பாயும். அதற்குப் பிறகுதான் பம்பும் பொய்லரும் எழும்பும். தண்ணீர் போக வழி திறக்காமல் பொய்லர் எரியக்கூடாது என்ற முன்யோசனை. இதெல்லாம் 230 வோல்ட் வேலை. ஆகையால் நெஸ்டின் பிரித்தானிய மாதிரிக்கு, பொய்லர் பக்கத்தில் பூட்ட ‘ஹீட் லிங்க்’ என்று தனிப்பெட்டி கொடுத்தார்கள். 150 சதுர மீற்றருக்கு மேற்பட்ட வீடு என்றால் குறைந்தது இரண்டு சோன் வேண்டும் என்று அங்குள்ள கட்டட விதிகளின் வழிகாட்டல் சொல்கிறது. ஹரோப் பெட்டி ஸ்காபரோவுக்குப் பொருந்தாது, ஸ்காபரோப் பெட்டி ஹரோவுக்குப் பொருந்தாது. இரண்டும் திருகோணமலைக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

எங்கள் வீட்டுக்கு வருவோம். உவர்மலையிலோ அலஸ்தோட்டத்திலோ நீங்கள் கட்டிய வீட்டில் இருப்பது ஸ்பிளிட் ஏசி. உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கத்துச் சிறு மூடியின் திருகைக் கழற்றிப் பாருங்கள். நான்கு வயர் இருக்கும். லைன், நியூட்ரல், எர்த், இன்னொன்று. அந்த நான்காவதில்தான் உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இன்வேட்டர் ஏசியில் அது ‘போடு, நிறுத்து’ என்ற பேச்சு இல்லை. கொம்பிறசர் எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும் என்று நொடிக்கு நொடி தகவல் போய் வருகிறது. ஃபில்டருக்குப் பின்னால், கொயில் ஓரமாக, உளுந்தளவு நுனி உள்ள மெல்லிய வயர் ஒன்று செருகி இருக்கும். அதுதான் தேர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் தடை குறையும், அதைப் பார்த்து ஏசி அறையின் வெப்பத்தை அறியும். ஆக, தெர்மோஸ்டாட் ஏற்கெனவே ஏசியின் வயிற்றுக்குள் இருக்கிறது. உங்கள் சுவர்ப்பெட்டியின் ஆர், வை வயர்களைக் கொண்டுவந்து கொடுக்க அங்கு இடமே இல்லை.

கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உவர்மலையில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் சுவரில் கண்ணாடி முகம் கறுத்துப்போன வட்டப்பெட்டி. எனக்கு முன் வந்த யாரோ, ‘லைன் வேணும்தானே’ என்று 230 வோல்ட்டை நேரே ஆர் ஓட்டைக்குள் கொடுத்திருக்கிறார். 24 வோல்ட்டுக்குச் செய்த சாமான். வீட்டுக்காரப் பிள்ளை நோர்வேயிலிருந்து வீடியோ அழைப்பில் “ரீசெட் பண்ணிப் பாருங்கோ அங்கிள்” என்றது. பிளாஸ்டிக் எரிந்த மணம் போனுக்குள்ளால் போகாது. பெட்டி போனதோடு விட்டது, அந்த வீட்டுப் பெரியவர் சுவரில் கை வைக்காமல் இருந்தாரே, அது கோணேசர் காத்தது.

சோன் என்ற கதைக்கு வாருங்கள். வீட்டை சோன் பிரிப்பது, ஒரே அடுப்பை நம்பி இருக்கும் வீட்டின் கவலை. அந்தக் கவலை 1880களிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வாரன் ஜோன்சன் என்ற கல்லூரி ஆசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் காவலாளி ஒவ்வொரு வகுப்பாகக் கதவைத் திறந்து, சூடு கூடவோ குறையவோ என்று பார்த்துவிட்டு, கீழே நிலவறைக்கு இறங்கிக் கதவுகளைச் சரிசெய்வார். பாடம் நடுவில் குழம்பும். அலுத்துப்போன ஜோன்சன், அறையின் சூட்டை உணர்ந்து கீழே மணியடிக்கும் மின்கருவி ஒன்றைச் செய்து 1883இல் காப்புரிமை எடுத்தார். அவர் தொடங்கிய கொம்பனிதான் இன்றைய ஜோன்சன் கொன்ட்ரோல்ஸ். கவனியுங்கள், அவருடைய கருவி தானாக எதையும் திறக்கவில்லை, மூடவில்லை. கீழே நின்ற மனிதருக்குச் செய்தி சொன்னது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் வீட்டில் அறைக்கு ஓர் ஏசி, அறைக்கு ஒரு ரிமோட், அறைக்கு ஒரு கதவு. பிறக்கும்போதே சோன் பிரிந்த வீடு. (எங்கள் மாவட்டத்தில் சூட்டையே சோன் பிரித்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கன்னியா. பக்கத்துப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் காலத்து ஏற்பாடு என்பார்கள். அதற்கும் தெர்மோஸ்டாட் கிடையாது.) குழப்பம் எங்கு வருகிறது என்றால், ஹோலையும் மாடிப்படியையும் திறந்தவெளியாக ஒன்றாக்கி, கனடா வீட்டுப் படத்தைப் பார்த்துக் கட்டிய வீடுகளில். கீழே ஹோலில் 18,000 பீடியூ ஏசி ஓடும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே கிடக்கும். வெக்கை படி வழியே மேலே ஏறி மாடியில் நிற்கும். அங்கு எந்தப் பெட்டி பூட்டினாலும் ஒன்றும் நடக்காது. படியடியில் ஒரு கதவு வைத்தால் நடக்கும். தச்சரைக் கூப்பிடுங்கள், என்னையல்ல.

அதைவிடப் பெரிய சங்கதி கூரை. கொங்கிரீட் தட்டுப் போட்டு, மேலே ஒன்றும் போடாமல் விட்ட வீடுகள் உவர்மலைப் பக்கம் ஏராளம். வைகாசி முதல் ஆவணி வரை பகலில் 35 பாகையைத் தாண்டுகிற ஊர் இது. காலை தொடங்கிச் சூட்டைக் குடித்த தட்டு, இரவு முழுவதும் அதை அறைக்குள் கக்கும். நீங்கள் இரவு ஒன்பதுக்கு ஏசியைப் போடுகிறீர்கள், அது நடுச்சாமம் வரை கொங்கிரீட்டோடு மல்லுக்கட்டுகிறது. வெள்ளைக்காரன் கடற்படைத் தளம் வைத்திருந்த நாளில் டொக்யார்ட் பக்கம் கட்டிய பங்களாக்களைப் பாருங்கள். உயர்ந்த ஓட்டுக்கூரை, சுற்றிவர விறாந்தை, வெக்கை வெளியேற மேலே வழி. அவனுக்கு ஏசி இல்லை, வேறு வழியும் இல்லை. உங்களுக்கு இரண்டும் உண்டு. ஸ்மார்ட் பெட்டிக்கு ஒதுக்கிய காசில் தட்டுக்கு மேலே ஒரு தகரப் பந்தல் போடுங்கள், இடையில் காற்று ஓட விடுங்கள். ஏசி முந்தியே ஓய்வெடுக்கும்.

மின்கட்டணம் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கட்டுவதே நீங்கள்தான். 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் என்று ஏறியது. பிறகு சில தடவை இறங்கியும் ஏறியும் ஆயிற்று. மாறாமல் இருப்பது படிக்கணக்கு. மாதம் 180 அலகு தாண்டினால் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு அலகுக்கும் உச்சப்படி விலை. ஒரு 12,000 பீடியூ இன்வேட்டர் சராசரி 600 வாட் இழுத்து இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால், மாதத்துக்கு 144 அலகு. குளிர்சாதனப் பெட்டியையும் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்தால் படியைத் தாண்டியாயிற்று. இரண்டாவது அறையின் ஏசி முழுக்க முழுக்க உச்சவிலையில் ஓடுகிறது. ரிமோட்டில் 18 வைப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்தான், இங்குள்ளவர்கள் அல்ல. 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24 பாகையில் தொடங்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இங்கு சீலிங் ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டு 26 வைத்தால் போதும். ஃபேன் போடாமல் 22 வைப்பதைவிட அது சுகம், விடியற்காலையில் போர்வை தேடவும் வேண்டாம்.

இப்போது உண்மையில் வயர் இழுக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். இங்கு சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். பழைய சிறு வீடு என்றால் 15 கூட இருக்கும். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று குளியலறையில் இன்ஸ்டன்ட் ஷவர் பூட்டச் சொல்கிறீர்கள். 5,500 வாட். 230ஆல் பிரியுங்கள், 24 அம்பியர். ஒரு பிள்ளை குளிக்கும்போது இரண்டு அறையில் ஏசி, ஆளுக்கு 5 அம்பியர். மற்றப் பிள்ளை அயன் பண்ணுகிறது. மெயின் விழுகிறது. “ஊரில கரண்ட் சரியில்லை” என்கிறீர்கள். கரண்ட் சரி, கணக்குத்தான் பிழை.

அதோடு, ஏசி ஒவ்வொன்றுக்கும் மின் பகிர்வுப் பெட்டியான டிபியிலிருந்து தனி லைன் இழுக்கவேண்டும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், தனி பிறேக்கர். ஷவருக்கு 6 சதுர மில்லிமீற்றர், 32 அம்பியர் பிறேக்கர். ஏற்கெனவே இருக்கிற பிளக்கிலிருந்து ஏசிக்கு ஒட்டுப் போடச் சொல்லி யாரும் கேட்காதீர்கள், செய்யமாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக எர்த். எங்கள் நாட்டில் வீட்டு எர்த் என்பது உங்கள் வளவில் அடித்த கம்பிதான். நிலாவெளி, உப்புவெளி மணல் கச்சானில் காய்ந்துபோனால் அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடுப்பு நொந்துவிடும். மாரியில் பத்திரமாக இருந்த வீடு ஆடியில் பத்திரமில்லை. கம்பியை ஆழமாக அடிக்கவேண்டும், முடிந்தால் கிணற்றடி ஈரத்தில். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சையே கழற்றி நேரே கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் ஸ்மார்ட்டாக ஒன்றும் வேண்டாம், முதலில் உயிர் வேண்டும்.

வெப்பமூட்டியும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து இருக்கும் சாமானும் திருகோணமலை வீட்டில் உண்டு, கீசர். மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில் அது யாருக்கு என்று கேட்காதீர்கள், உங்களுக்குத்தான். தொட்டியின் அடிமூடிக்குள் சிறு திருகுமுகம் இருக்கும். அதை 60 பாகையில் வையுங்கள். அதற்குக் கீழே வெதுவெதுப்பாக வைத்தால் தேங்கிய நீரில் லெஜியனெல்லாக் கிருமி பெருகும். அதற்கு மேல் ஏற்றினால் கிழவர்களின் தோல் வெந்துபோகும். 60இலேயே கலக்காமல் ஊற்றக்கூடாது. நீங்கள் திரும்பிப் போனதும் ஆளியை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஆறு மாதம் யாரும் குளிக்காத வெந்நீரை ஓர் ஏழு வீட்டில் காத்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு, ‘இல்லை, போனில் பார்க்கவேண்டும்’ என்பவர்களுக்கு வழி இருக்கிறது. புது ஏசி வாங்குவதானால் வைஃபை உள்ளேயே உள்ளதாக வாங்குங்கள். பழைய ஏசி என்றால் சென்சிபோ போன்ற அகச்சிவப்புப் பெட்டி போதும். அது ரிமோட் போலக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஏசியோடு பேசும். வயரிங் வேலையே இல்லை, யூஎஸ்பி மின் போதும். ஏசியின் முகம் தெரியும் இடத்தில் வைக்கவேண்டும், அலுமாரிக்குப் பின்னால் அல்ல. மலிவான பெட்டிகள் பலவும் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். மலிவானதற்கு இன்னொரு குறையும் உண்டு. அது சொல்லும், கேட்காது. அம்மா ரிமோட்டால் அணைத்தாலும் உங்கள் போனில் ஏசி ஓடுவதாகவே காட்டும். நீங்கள் ‘அணை’ என்று அழுத்துவீர்கள். சில ஏசிகளில் போடுவதற்கும் அணைப்பதற்கும் ஒரே சமிக்ஞைதான். ஏசி மீண்டும் எழும்பும்.

இங்குதான் எனக்கு உங்களோடு வழக்கு. ஸ்காபரோவில் எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுகிறீர்கள். ஆள் இல்லாததைப் போனை வைத்துப் பெட்டி கண்டுபிடித்துச் சூட்டைக் குறைக்கிறது. இங்கு வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறது, போன்தான் இல்லை. அம்மாவின் கைப்பேசி சாமியறையில் சார்ஜில் கிடக்கும். கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். நீங்கள் பின்னேரம் நான்கரைக்கு வேலை முடித்து, பஸ்ஸில் இருந்து, ‘அம்மாவின் அறை 26, பாவம் வெக்கை’ என்று 21 ஆக்கும்போது இங்கு இரவு இரண்டு மணி. எழுபத்தைந்து வயது மூட்டுவலிக்காரி நடுங்கி எழும்பி, ரிமோட்டைத் தேடி, இருட்டில் கட்டில் காலில் இடறுகிறார். காலையில் என்னிடம் “தம்பி, ஏசிக்குப் பேய் பிடிச்சிருக்கு” என்கிறார். ஜோன்சனின் மணி, பக்கத்தில் நின்ற மனிதருக்கு அடித்தது. உங்கள் செயலியும் அப்படியே இருக்கட்டும். அறை வெப்பத்தை நீங்கள் பார்க்கலாம், 32 தாண்டினால் அழைத்துக் கேட்கலாம். மாற்றும் உரிமையை மட்டும் ரிமோட்டோடு அம்மாவின் தலையணையடியில் விட்டுவிடுங்கள். தமிழில் பெரிய எழுத்தில் ‘போட’, ‘அணைக்க’ என்று ஒட்டிக்கொடுத்தால் புண்ணியம்.

இணையத்தை நம்பி இருக்கும் எதுவும் இணையத்தோடு போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் அணைந்தது. மின் திரும்பும்போது ரூட்டர் எழும்ப முன் ஏசி எழும்பும். சில வேளை அது முன்பு நின்ற நிலையில் அல்ல. மின்வெட்டுக்குப் பின் தானாக எழும்புவதா, அணைந்தே இருப்பதா என்பதைப் பூட்டும் நாளிலேயே தீர்மானியுங்கள். மின்னலுக்குப் பேர்போன சித்திரையிலும் ஐப்பசியிலும் அணைந்தே இருப்பது நல்லது. செய்தவர்களே கைவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் இனிப் புது நெஸ்ட் இல்லை என்று கூகுள் 2025 ஏப்ரலில் அறிவித்தது. முதல் இரண்டு தலைமுறைப் பெட்டிகள் அந்த ஒக்டோபரோடு போனில் இருந்து துண்டிக்கப்பட்டன. சுவரில் வெறும் திருகுமுகமாக அவை இன்னும் வேலை செய்கின்றன என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டவர்கள் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அங்குள்ள ஒரு சொந்தக்காரருக்குக் கொடுங்கள். கொண்டுவருவதானால் நல்ல மல்ட்டிமீற்றர் ஒன்று கொண்டுவாருங்கள், இங்கு போலிகள்தான் கூட. கடலடி வீட்டுக்காரர் என்றால், வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளில் உப்பு பிடித்துப் பொடிந்துபோயிருக்கிறதா என்று வீட்டிலுள்ளவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாதிரி எண், டிபியின் மூடியைத் திறந்த படம், எர்த் கம்பி அடித்த இடம், இவையும் வேண்டும். நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்குமுன் இந்தப் படங்கள் வந்துசேர்ந்தால், வரும் கிழமையிலேயே தேசிய தொழில் தகைமைச் சான்றுள்ள ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வோம், பவுண்ஸில் அல்ல, ரூபாயில்.

இப்படிக்கு,
உள்துறைமுக வீதிப் பக்கம் வயரிங் வேலை செய்யும் உங்கள் ஊரவன்